ஸ்டிக்கர் மாடலா, புது மாடலா? என்டூரோ மோட்டாரின் வருட மாடலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

பேராக்கின் பீடோரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் ஒட்டுக்கடைப் பக்கம் வந்தால், செம்மண் அப்பிய ஸ்க்ராம்ளர்கள் நான்கைந்து வரிசையாக நிற்கும். செம்பனைத் தோட்டத்துக்குள் இரண்டு மணி நேரம் விழுந்து எழுந்துவிட்டு வந்து ரொட்டி சானாய் சாப்பிடும் கூட்டம் அது. போன வாரம் அங்கே காதில் விழுந்த பேச்சு:

“அண்ணே, அவன் வண்டி 23 மாடல், என்னோடது 24. ஒரு வருசந்தானே லா? அதுக்குப் போய் இவ்வளவு வெல வித்தியாசமா?”

அடுத்த மேசையில் இன்னொருவர், வாங்கப் போகும் வண்டியைப் பற்றி: “21 மாடல் நமக்கு வேணாம்பா, பழசு. 22 கெடைக்குது, ரெண்டாயிரம் வெள்ளிதான் கூட.”

இருவரும் பேசியது ஆஸ்திரியக் கம்பெனியான கேடிஎம்-மின் வண்டியைப் பற்றி. இருவர் கணக்கும் தலைகீழ். முதல் பையன் ‘ஒரு வருசந்தானே’ என்று சொன்ன அந்த இடைவெளியில்தான் வண்டியின் சட்டமே (ஃபிரேம்) மாறியது. மற்றவர் இரண்டாயிரம் கூடக் கொடுக்கத் தயாரான வண்டியும் வேண்டாம் என்ற வண்டியும் அடிப்படையில் ஒன்றே. வருட எண்ணை வைத்து வண்டியை அளப்பதால் வரும் குழப்பம் இது. எண்ணை விட்டுவிட்டு, மாறிய பாகம் எது என்று பார்க்கப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில், என்டூரோ எது?

நம் ஊரில் மட்கார்டு உயரமாக இருந்தால் எல்லாமே ஸ்க்ராம்ளர்தான். கேஎல்எக்ஸ் 150-உம் ஸ்க்ராம்ளர், சிஆர்எஃப் 250-உம் ஸ்க்ராம்ளர். பேச்சுக்கு அது போதும். வாங்கும்போது போதாது.

மோட்டோகிராஸ் என்பது மண்ணைக் குவித்துக் கட்டிய ஒரு வட்டத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவது. என்டூரோ என்பது காடு, ஆறு, பாறை, சேறு என்று நாள் முழுக்கப் போவது. இதில் மிகப் பழைய போட்டியான ‘சிக்ஸ் டேஸ்’ 1913-இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கியது. ஆறு நாள் ஓடி முடிக்க வேண்டும், வழியில் பழுது பார்ப்பதும் ஓட்டுபவர் பொறுப்பு. அந்த மாதிரி ஓட்டத்துக்காகச் செய்யப்படும் வண்டிதான் என்டூரோ.

ஐரோப்பியச் சட்டம் இதற்கு அளவே வைத்திருக்கிறது: சீட்டு உயரம் குறைந்தது 900 மில்லிமீட்டர், வயிற்றுக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 310 மில்லிமீட்டர், எடை 140 கிலோவுக்குள், பின்னால் ஆள் உட்கார இடம் இருக்கக் கூடாது. மனைவியை ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போக முடிந்தால் அது சட்டப்படி என்டூரோ இல்லை!

வெள்ளையடிப்பதும் இடித்துக் கட்டுவதும்

தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்குச் சாயம் அடிப்போம். போன வருடம் பச்சை, இந்த வருடம் நீலம். வீடு அதே வீடு. எப்போதாவது கையில் காசு சேர்ந்தால் அடுப்படியை நீட்டுவோம், தகரத்தை மாற்றுவோம். வீடு அதேதான், ஆனால் மழைக்கு ஒழுகாது. வாழ்நாளில் ஒருமுறை பலகை வீட்டை இடித்துவிட்டுக் கல் வீடு கட்டுவோம். பழைய கதவு புது நிலையில் பொருந்தாது.

மோட்டார் கம்பெனியும் இந்த மூன்றைத்தான் செய்கிறது. பெரும்பாலான வருடங்களில் சாயம்தான்: புது ஸ்டிக்கர், புது நிற கவர்செட். சில வருடங்களில் அடுப்படி: கிளட்சோ, சஸ்பென்ஷனின் உட்பாகமோ, ரேடியேட்டரோ மாறும். சில வருடங்களுக்கு ஒருமுறை இடித்துக் கட்டுவார்கள்: சட்டம், எஞ்சின் பொருந்தும் விதம், பிளாஸ்டிக் எல்லாம் புதிது. இந்த மூன்றாவதைத்தான் புதுத் தலைமுறை என்று சொல்ல வேண்டும். ஒரு தலைமுறை என்பது ஒரே சட்டத்தின் மேல் ஓடும் வருடங்கள்.

கேடிஎம்-மின் இஎக்ஸ்சி என்ற என்டூரோ வரிசையில் 2017, 2020, 2024 ஆகியவை இடித்துக் கட்டிய வருடங்கள். 2020 முதல் 2023 வரை ஒரே வீடு. அந்த 21, 22 பேச்சு சாயத்தைப் பற்றிய பேச்சு. அந்தப் பையனின் 23-க்கும் 24-க்கும் நடுவில் இருப்பதோ சுவர்.

இஎக்ஸ்5 வைத்திருக்கும் நம் பெருசுகளுக்கு இது புதிதில்லை. கவர்செட் நிறம் எத்தனையோ முறை மாறியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கார்பரேட்டர் போய் எஃப்.ஐ. (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்) வந்தபோதுதான் பட்டறையில் பேச்சு எழுந்தது. என்டூரோவிலும் அதே காதோடு கேட்டால் போதும்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: மாற்றம் மூன்று வகை. சாயம், அடுப்படி, புது வீடு. விலை வித்தியாசம் நியாயமா என்பது, இடையில் நடந்தது இதில் எது என்பதைப் பொறுத்தது.

மாடல் ஆண்டும் காலண்டர் ஆண்டும்

அடுத்த வருட நாள்காட்டி தீபாவளிக்கே கடையில் தொங்குகிறதல்லவா, அது மாதிரிதான் இதுவும். 2024 மாடல் இஎக்ஸ்சி 2023 நடுவிலேயே வெளியாகிவிட்டது. அதனால் ஒரு வண்டிக்கு மூன்று வருடங்கள் இருக்கலாம்: செய்த வருடம், மாடல் வருடம், நம்பர் போட்ட வருடம். கடையில் சும்மா நின்ற வண்டிக்குக் கடைசி வருடம் வெகுவாகத் தள்ளிப்போகும். விற்பவர்கள் எந்த வருடத்தைச் சொல்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிஜத்தைச் சொல்வது சாசி நம்பர். ஹேண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்தில் 17 எழுத்துகளாகக் குத்தியிருக்கும். பல கம்பெனிகள் அதில் பத்தாவது எழுத்தை மாடல் ஆண்டுக்கு ஒதுக்குகின்றன. 2020-க்கு எல், 2021-க்கு எம், 2022-க்கு என், 2023-க்கு பி, 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். நடுவில் ஓ, க்யூ இல்லாதது சுழியத்தோடு குழம்பும் என்பதால். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஆனால் கேடிஎம் வகை வண்டிகளில் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். ஒரு ஈரத்துணி போதும்.

தே தாரேக்கும் ஃபோர்க்கும்

என்டூரோ வண்டியில் நம் உடம்பு உணரும் பெரிய மாற்றம் எஞ்சினில் வருவதில்லை, சஸ்பென்ஷனில் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கப்சாயின் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) ஒரு சாண் கூட உள்ளே போகாது. என்டூரோ ஃபோர்க் சுமார் 300 மில்லிமீட்டர் போகும், பள்ளிக்கூட அடிக்கோல் நீளத்துக்கு. வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பள்ளத்தில் அமுங்கி, அதே வேகத்தில் நம்மைத் தூக்கி எறியும். அதை அடக்குவது எண்ணெய். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். ஃபோர்க்குக்குள் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளப்படும்போது நடப்பதும் இதுதான். இதன் பெயர் டேம்பிங். அமுங்கும்போது ஒன்று, திரும்பி நீளும்போது ஒன்று என இரண்டு டேம்பிங் உண்டு. ஃபோர்க்கின் மேலும் கீழும் ‘கிளிக் கிளிக்’ என்று திருகுகிறோமே, அது துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்குவது.

இப்போது தே தாரேக். அண்ணன் இரண்டு கோப்பையை உயரத் தூக்கி இழுக்கும்போது தேநீரோடு காற்று கலந்து நுரை வருகிறது. நாக்குக்கு நல்லது. ஃபோர்க்குக்கு விஷம். ஃபோர்க்குக்குள் எண்ணெயும் காற்றும் ஒரே அறையில் இருந்தால், வேர் வேராக ஒரு மணி நேரம் அடித்தபின் எண்ணெய் நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்க்கும் சக்தி இல்லை, பஞ்சு மாதிரி அமுங்கும். காலையில் நன்றாக இருந்த வண்டி மதியத்தில் தலையாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மாதிரி ஃபோர்க்குக்குத் திறந்த கார்ட்ரிட்ஜ் என்று பெயர். 2023 வரை வந்த இஎக்ஸ்சி-யில் இருந்தது அது, எக்ஸ்ப்ளோர் என்ற பெயரில். 2024-இல் 48 மில்லிமீட்டர் எக்ஸாக்ட் வந்தது. இது மூடிய கார்ட்ரிட்ஜ்: டேம்பிங் எண்ணெய்க்குத் தனியாக அடைத்த குழாய், காற்றோடு கலக்க விடாது. இதைத்தான் நிஜமான மாற்றம் என்கிறேன்.

அப்படியானால் எல்லோரும் 24-க்கு ஓட வேண்டுமா? மூடிய கார்ட்ரிட்ஜ் வேகமாக அடிக்கும்போது பலன் தரும். மட்டை அடுக்கிய வரிசைகளுக்கு நடுவே இரண்டாவது கியரில் ஊர்ந்து, பாரிட்டை (வாய்க்காலை) தாண்டி, வேரில் வழுக்கிப் போகும் எங்கள் ஓட்டத்துக்குப் பழைய எக்ஸ்ப்ளோரின் மென்மையே பலருக்குப் பிடிக்கிறது. சர்வீசுக்குப் பிரிப்பதும் அதில் எளிது.

இன்னொன்று, யாரும் கேட்காதது: உங்கள் எடை. கேடிஎம் தன் வண்டிக்குப் போடும் ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்கானது. நீங்கள் 60 கிலோ என்றால் வண்டி கட்டை மாதிரி இருக்கும், 100 கிலோ என்றால் எப்போதும் குந்தியே இருக்கும். உடுப்போடு சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள், பின்பக்கம் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும். இதை சேக் என்பார்கள். ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்தும் ப்ரீலோட் திருகால் சரிசெய்தும் அது வரவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இரண்டு வருடம் பழைய மாடலில் சரியான ஸ்பிரிங் போட்டவன், தவறான ஸ்பிரிங்கோடு புது மாடல் ஓட்டுபவனைவிடக் குறைவாகத்தான் விழுவான்.

சுருக்கமாக: ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும், காற்று கலந்தால் அடக்கம் போய்விடும். புது மாடல் இதில் எதை மாற்றியிருக்கிறது என்று கேளுங்கள்.

பெட்ரோல் உள்ளே போகும் வழி

டூ-ஸ்ட்ரோக் என்டூரோவில் பத்து வருடத்துக்குள் மூன்று விதம் வந்துவிட்டது. முதலில் கார்பரேட்டர், பெட்ரோலில் 2டி எண்ணெயை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) கலந்து ஊற்ற வேண்டும். 2018 மாடலில் கேடிஎம் டிபிஐ (TPI) கொண்டுவந்தது: பெட்ரோலை சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளில் பீய்ச்சும் முறை, எண்ணெய்க்குத் தனித் தொட்டி. 2024-இல் டிபிஐ (TPI) போய் டிபிஐ (TBI) வந்தது! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் நிற்பது என் குற்றமில்லை. இரண்டாவதில் பெட்ரோலை த்ராட்டில் வாயிலேயே பீய்ச்சுகிறார்கள். கடைக்காரர் ‘டிபிஐ’ என்றால், பழசா புதுசா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது நமக்கு எங்கே தெரியும்? தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெல்லியது. கார்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றிய அளவுக்கே பெட்ரோலை ஊற்றும். வண்டி புகைக்கும், இழுக்காது, பிளக் கறுக்கும். பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் காற்றழுத்தத்தை அளந்து தானே குறைத்துக்கொள்ளும். சமதரைத் தோட்டத்திலேயே ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. அவருக்கு ரேடியேட்டர் ஃபேன் இருக்கிறதா என்பதே பெரிது. மதிய வெயிலில் சேற்றில் கிளட்ச் பிடித்து நகரும் இந்த ஊரில், இரண்டு குதிரைசக்தி கூடுவதைவிட ஒரு ஃபேன் கூடுவதையே நான் எடுப்பேன்.

எடைக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல்

“கேடிஎம் நூறு கிலோ சொச்சம், ஹோண்டா 142 கிலோ” என்று ஒருவர் அடித்துச் சொல்வார். கேடிஎம் போடுவது பெட்ரோல் இல்லாத எடை. ஹோண்டா போடுவது பெட்ரோல் நிரப்பி, ஓட்டத் தயாரான எடை. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. ஒன்பது லிட்டர் தொட்டி என்றால் ஆறரை கிலோவுக்கு மேல். வெறும் வாளியையும் பால் நிரம்பிய வாளியையும் தராசில் வைத்து ஒப்பிடும் கதை. ஹோண்டா கனம்தான், அதில் சந்தேகமில்லை. எவ்வளவு கனம் என்பதில்தான் ஏமாறுகிறோம்.

ஒரே கம்பெனியின் இரண்டு வருடங்களை ஒப்பிடும்போதும் இரண்டு தாளிலும் எடை ஒரே முறையில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

250 எப்போது 286 ஆனது?

எஞ்சினில் செய்யும் ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹோண்டா நல்ல உதாரணம். 2021-இல் சிஆர்எஃப்250எல் பல நாடுகளில் சிஆர்எஃப்300எல் ஆனது. சிலிண்டரின் குறுக்களவு அதே 76 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை 55-லிருந்து 63 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அவ்வளவுதான். அகலம் மாறாத டின்னின் உயரத்தைக் கூட்டினால் அதிகம் கொள்ளும் அல்லவா? 249 சொச்சம் சிசி 286 ஆனது. எடையில் நான்கு கிலோ குறைந்தது, கிளட்ச் லேசானது.

தாளில் பார்த்தால் எல்லாம் லாபம். ஆனால் நம் நாட்டில் பி2 லைசென்ஸ் 250 சிசி வரைதான். பி2 மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த 36 சிசி ஒரு வேலி: அதற்கு மேல் வகுப்பு லைசென்ஸ் எடுக்க வேண்டும். ரோடு டாக்ஸும் 200-க்கு மேல் 250 வரை 50 வெள்ளி, அதைத் தாண்டினால் 100. வெளிநாட்டு வீடியோவில் ‘நல்ல அப்டேட்’ என்று புகழ்வது நம் வீட்டு வாசலில் வேறு அர்த்தம் எடுக்கும். ரேஸ் வகை என்டூரோ என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அதற்கு நம்பர் பிளேட் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒட்டுக்கடை வரைக்கும்கூட ஓட்டி வர முடியாது, லாரியில்தான் ஏற்ற வேண்டும். தோட்டத்து ரோடு தனியார் ரோடு, மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

பார்ட் நம்பரைப் படியுங்கள்

இப்போது என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில், பெயர் வேண்டாம், “இது புது மாடல், எஞ்சின் கார்ட் மட்டும் பழசுதான் ஸ்டாக்ல இருக்கு, பொருந்தும்” என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்து போல்ட் போட்டால் துளை ஒரு விரல் தள்ளி நிற்கிறது. தம்பி பிடிக்க, நான் இழுக்க, அரை மணி நேரம். சட்டமே வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கார்ட் இன்னும் கோழிக்கூண்டுக்கு மேல் கிடக்கிறது.

அன்றிலிருந்து விளம்பரத் தாளைப் படிப்பதை விட்டுவிட்டு பார்ட் புத்தகத்தைப் படிக்கிறேன். ஒவ்வொரு மாடல் ஆண்டுக்கும் கம்பெனி உதிரிபாகப் பட்டியல் போடுகிறது, பெரும்பாலும் இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு வருடப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, சட்டம், சிலிண்டர், பிஸ்டன், ஃபோர்க், பின் ஷாக், கிளட்ச் ஆகிய ஆறின் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இருந்தால் பாகம் ஒன்று. ‘முற்றிலும் மெருகேற்றப்பட்ட’ என்று விளம்பரம் எத்தனை முறை சொன்னாலும் சரி.

எண் வேறாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம். கடைசி எண்கள் நிறத்தை மட்டும் குறிப்பதும் உண்டு, பிளாஸ்டிக்கில் இது சகஜம். சில சமயம் குறையிருந்த பாகத்தைச் சத்தமில்லாமல் திருத்திப் புது எண் கொடுப்பார்கள். பழைய எண்ணைக் கேட்டாலும் புதிதே வரும். அப்போது பழைய வண்டிக்காரருக்கும் அந்த அப்டேட் சும்மா கிடைத்த மாதிரி.

இதே வழியில் இன்னொரு ரகசியமும் வெளிப்படும். ஆரஞ்சு கேடிஎம், வெள்ளை ஹஸ்க்வர்னா, சிவப்பு காஸ்காஸ் மூன்றும் ஒரே குடும்பம். எஞ்சின் எண்களைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும். பின் ஷாக் பொருத்தும் விதம் மாதிரி சில இடங்களில்தான் பிரிவார்கள். எங்கள் கூட்டத்தில் நிறத்துக்காக நடந்த சண்டைகள் பாதி இதைக் காட்டியபின் அடங்கின. மீதிப் பாதி அடங்காது, அது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், ஒரு தலைமுறையின் கடைசி வருடம்தான் வாங்க நல்ல வருடம். முதல் வருடத்தின் குறைகளைத் திருத்தி முடித்திருப்பார்கள், புதுசு வரப்போகிறது என்று விலையும் இறங்கியிருக்கும். பழைய வண்டி என்றால் கிலோமீட்டரை விட்டுவிட்டு ஹவர் மீட்டரைப் பாருங்கள். இந்த வண்டிகளுக்கு ஆயில், பிஸ்டன் எல்லாமே மணிக்கணக்கில்தான்.

அந்த 22 மாடல்காரர் நேற்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி பளிச்சென்று இருந்தது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, கழுத்தில் காய்ந்திருந்த மண்ணைத் துணியால் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தாக எண்ணினோம். பத்தாவது எழுத்து எம்.

“அப்ப இது 21-ஆ?”

“21. நம்பர் போட்டதுதான் 22-ல.”

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. இவர் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு, “ரெண்டும் ஒரே வண்டின்னுதானே சொன்னீங்க?” என்றார் என்னிடம். ஆமாம் என்றேன். அந்த இரண்டாயிரத்தைக் குறைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். 95 கிலோ ஆள். மிச்சக் காசில் ஸ்பிரிங் ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன்.